திறப்பை விடாத மனிதர்

கனடாவின் ஸ்ரௌவ்வில்லில் பக்கத்து வீட்டு ட்ரைவ்வேயில், கட்டிலும் அடுப்பும் வைத்த ஆர்வி வண்டி ஒன்று வந்து நின்றது. அதில் மனைவியோடு மகனைப் பார்க்க வந்த நரைமீசைக்காரர், தேத்தண்ணி குடிக்கும்போதும் வண்டியைக் கிளப்பும் திறப்பைக் கையை விட்டு வைக்கமாட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு பெரிய வீடு! மகன் உள்ளுக்கை படுக்க விடமாட்டாரோ, அங்கிள்?"

"விடுவான் தம்பி, என்னை மட்டும். அன்ரி மிசிசாகாவிலை மகளின்ரை பிள்ளையளைப் பாக்கோணும். வருசக்கணக்கா எங்களை அப்பிடித்தான் பிரிச்சு வைச்சிருந்தவை."

மகன் வந்தான். "அப்பா, அக்கா கோல் எடுத்தவ. இந்தக் கிழமை மட்டும் அம்மா அங்கை நிக்கட்டாம். திறப்பைத் தாங்கோ, அம்மாவை இதிலையே கொண்டுபோய் விடுறன்."

அவர் திறப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டு, வண்டிக்குள் நின்ற மனைவியைக் கூப்பிட்டார். "இஞ்சரும், அடுப்பை நிப்பாட்டும். வெளிக்கிடுவம்."

கட்டின மனுசியோடு ஒன்றாயிருக்க ஒரு மனிதர் வீட்டுக்குச் சக்கரம் பூட்டவேண்டியிருக்கிறதே! எங்கே நிறுத்தினார்களோ தெரியாது. என் கோபம் மட்டும் இன்னும் அந்த ட்ரைவ்வேயிலேயே நிற்கிறது.