பிலோமினாக்காவின் ஒரு நேரச் சாப்பாடு

செய்தி வந்தபோது நான் கண்டிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "ஆன்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள் போனில் பிலோமினாக்காவின் மகள் ரீட்டா. "எங்க போனவா?" என்று கேட்டுவிட்டேன். முப்பத்தைந்து வருடம் தாதியாக வேலை செய்தவள் கேட்கிற கேள்வியா அது? காலைத் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் பிறகு எழும்பவே இல்லையாம். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்குப் பதினொரு நாள் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. செபமாலையை எடுத்தால் நாலாவது மணியைத் தாண்டி விரல் நகர மறுக்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறேன், எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று ரீட்டா கேட்டாள். உடனே ஒன்று எழுதினேன். அன்பானவர், பக்தியானவர், எல்லோருக்கும் உதவியவர். வாசித்துப் பார்த்தேன். பிலோமினாக்கா கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது.

மடுல்கெல்லத் தோட்டத்தில் பிறந்து, கண்டியில் ஆஸ்பத்திரிச் சிற்றூழியராக வந்தவர் அவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த தாதி. ஒரே வார்ட்டு, அம்பிட்டியவுக்கு ஒரே பஸ், ஒரே கோயில். என்னைவிட நாலு வயது மூத்தவர். ஆனாலும் ஓய்வு பெற்ற பிறகுகூட, வார்ட்டில் தாதிமாரைக் கூப்பிடுகிற மாதிரி என்னை "மிஸி" என்றுதான் கூப்பிட்டார். வேண்டாம் என்று எத்தனையோ தரம் சொன்னேன், கேட்கவில்லை.

பழகிய முதல் வருடம், தவக்காலத்துக்கு இனிப்பை விடப்போகிறேன் என்று பஸ்ஸில் பெருமையாகச் சொன்னேன். "மிஸிக்கு இனிப்பே புடிக்காதே" என்றார். "நம்மளே தெரிஞ்செடுத்தா நமக்கு நோகாததத்தான் எடுப்போம். எனக்கு நீங்க சொல்லுங்க, ஒங்களுக்கு நான் சொல்றேன்." அப்படித் தொடங்கியது எங்கள் வழக்கம். விபூதிப் புதனுக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்ததும் கோயில் பைப்படியில் நின்று ஒருவருக்கு ஒருவர் ஒறுத்தல் சொல்வோம். பேரம் பேசக்கூடாது. வெளியே மூச்சு விடக்கூடாது.

அவருக்கு நான் வெற்றிலையை விடச் சொன்னேன். நாற்பது நாளும் வாயில் கராம்பை அடக்கிக்கொண்டு வார்ட்டு முழுவதையும் கடித்துக் குதறினார். எனக்கு அவர் சொன்னது வேறு மாதிரி. கோயிலில் முன் வாங்கில் இருக்கிற என்னைக் கடைசி வாங்குக்கு அனுப்பினார். இன்னொரு வருடம், "நான் அப்பவே சொன்னனான்" என்ற வசனத்தை நிறுத்தச் சொன்னார். இரண்டே நாளில், எனக்கு உடம்புக்குச் சுகமில்லையா என்று டொக்டர் கேட்டார். பொல்லாத மனுஷி! எங்கே தொட்டால் எனக்கு நோகும் என்று அவருக்குத் தெரியும்.

ஏழு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு. அன்று பூசையில் சுருதி பிசகியதற்காகப் பாடகர் குழுவில் ஒரு பெண்ணை எல்லோர் முன்னாலும் ஏசியிருந்தேன். பைப்படியில் பிலோமினாக்கா சொன்னார்: "இந்த நாப்பது நாளும் யாரையும் திருத்தாதீங்க மிஸி. பாட்டு பிழைச்சாலும் விட்டுருங்க." எனக்குச் சுருக்கென்று ஏறியது. ஒரு சிற்றூழியர் எனக்குச் சொல்வதா என்றுகூட நினைத்தேன். ஆம், நினைத்தேன். "அப்ப நீங்கள் நாப்பது நாளும் ஒரு நேரச் சாப்பாடு. சரியோ?" என்றேன்.

அவருக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். எந்தக் குளிசையை எப்போது போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததே நான்தான். பைப்பை மூடப்போன அவருடைய கை ஒரு கணம் நின்றது. "சரி மிஸி" என்றார். வேண்டாம், வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். குடையை விரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாம் வாரமே அவருடைய கை நடுங்குவதைக் கண்டேன். மேலுதட்டில் வியர்வை. படிக்க வந்த தாதிப் பிள்ளைக்கும் விளங்கும் அடையாளங்கள் அவை. நான் என்ன செய்தேன் தெரியுமா? இந்தத் தவக்காலம் நான் யாரையும் திருத்தக்கூடாதே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். என் ஒறுத்தலை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்! அதற்குப் பின்னால் நன்றாக ஒளிந்துகொண்டேன். மூன்றாம் வெள்ளி, சிலுவைப்பாதை நடுவில், கோயில் படிக்கட்டில் அவர் மயங்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு கடைசி வரைக்கும் ஊன்றுகோல்தான். வருடம் தவறாமல் போய்வந்த மடுல்கெல்லத் திருவிழாவுக்கு அதன்பின் அவர் போகவே இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, "நான் எல்லாருக்கும் சொல்லட்டோ அக்கா?" என்று கேட்டேன். "வெளிய சொல்றதில்லன்னுதானே பேச்சு? நானுந்தானே சரின்னேன். சும்மா இருங்க" என்றார். சும்மா இருந்தேன். அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவள் மாதிரி இருந்தேன். அளவு மீறிய உபவாசமும் ஒருவகை அகங்காரம்தான் என்று பங்குச் சாமியார் பிரசங்கம் வைத்தபோதும், வாங்கில் வெறுமையாகக் கிடந்த அவருடைய இடத்தைப் பார்த்து எல்லோரும் தலையைத் திருப்பியபோதும் இருந்தேன்.

அடுத்த வருடம் பைப்படிக்கு அவரால் வர முடியாததால் நான் வீட்டுக்குப் போனேன். நேரத்துக்கு மூன்று வேளையும் சாப்பிட வேண்டும் என்றேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு, "தெனம் ஒரு மணித்தியாலம் வந்து எனக்குப் பக்கத்துல பேசாம உக்காருங்க" என்றார். நான் எங்கே உட்கார்ந்தேன்? யன்னல் சீலையை நேராக்கினேன், மருந்துப் போத்தல்களை அடுக்கினேன், எழும்பி எழும்பி நேரம் பார்த்தேன். அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் ஒரு மன்னிப்பாவது கேட்பேன் என்று அவர் எதிர்பார்த்தாரோ என்னவோ. அதைக் கேட்க இனி ஆளில்லை.

விபூதிப் புதனன்று நெற்றிச் சாம்பலோடு ரீட்டாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

"தெரியும் ஆன்டி" என்றாள். "அம்மா சொல்லல. அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க அம்மா முகத்தப் பாக்காம சேலைன் போத்தலயே பாத்துக்கிட்டு நின்னீங்க. அப்பவே வெளங்கிருச்சு."

"பின்ன ஏன் பிள்ளை என்னட்டக் கேக்கேல்லை?"

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். சாப்பாட்டப் பத்திச் சொன்னதுக்கு எனக்குக் கோவமில்ல, அது வாய்ச்சண்டை. ஆனா கோயில் வாசல்ல எங்கம்மாவப் பிடிவாதக்காரின்னு சொன்னாங்க பாருங்க, அப்ப நீங்களும் தலையாட்டினீங்க. அதுதான் ஆன்டி எனக்கு இன்னும் ஆறல."

ஆட்டினேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"இந்த வருசம் எனக்குச் சொல்ல ஆளில்லை. நீ ஒண்டு சொல்லு" என்றேன். அவள் நெடுநேரம் யோசிக்கவில்லை. "இத மலர்ல எழுதுங்க. சொன்னவங்க எல்லாரும் வாசிக்கட்டும்."

எழுதிவிட்டேன். அவரை அறிந்தவர்களே, பிலோமினாக்கா பிடிவாதக்காரி அல்ல. அகங்காரம் பிடித்துப் பட்டினி கிடந்தவரும் அல்ல. கோபத்தில் நான் சொன்ன ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டார், பிறகு என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தார், அவ்வளவுதான். அம்மாவின் ஞாபகமாக ஒரு சேலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ரீட்டா சொன்னாள். சேலை வேண்டாம் என்றேன். ஏழு வருடம் அவர் சுமந்த அந்தக் கெட்ட பெயர் என்னுடையது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.