த்ரெட்டுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கதை

திருவனந்தபுரத்தில் எங்கள் அலுவலக வாசலில் சாயாக்கடை வைத்திருக்கும் பிஜுவுக்குத் தமிழ் பேசுகிற ஆண் எவனும் அண்ணாச்சிதான். "அண்ணாச்சீ, சாயா!" என்று அவர் கண்ணாடித் தம்ளரை நீட்டினால், கட்டட வேலைக்கு வந்தவர், ஹோட்டலில் பரோட்டா போடுகிறவர், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நான் என்று மூன்று கைகள் ஒன்றாக நீளும். எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்திலிருந்து மலையைச் சுற்றி வந்தால் அரைநாள் தூரம். இதற்குப் போய் வெளிநாடு போனவன்போல எழுதுகிறானே என்று ஊரில் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஊரில் அண்ணாச்சி ஆக வயதும் ஒரு கடையும் வேண்டும். இங்கே தமிழனாகப் பிறந்தால் போதும். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த எரிச்சல் வேலைக்கு உதவியது. எங்கள் நிறுவனம் டீபக்கர் ஒன்றைத் தயாரிக்கிறது. ஓடுகிற மென்பொருளை நடுவில் நிறுத்தி, எங்கே கோளாறு என்று பார்க்கும் கருவி அது. ஒரு மென்பொருளுக்குள் பல வேலைகள் ஒரே சமயத்தில் ஓடும். ஒவ்வொன்றும் ஒரு த்ரெட். எழுதியவர்கள் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாலும் எங்கள் டீபக்கர் எண்ணை மட்டுமே காட்டும். எது எந்த வேலை பார்க்கிறது என்று தெரியாமல் விழி பிதுங்கும். பெயரையும் காட்டவைக்கிறேன் என்று வலியப் போய்க் கேட்டேன். டீம் லீட் பிந்து சேச்சி சரி என்றார். வெள்ளிக்கிழமை டெமோவில் ஒழுங்காக ஓடினால் புதிய பதிப்பில் சேரும். சொதப்பினால் தூக்கிவிடுவார்கள், நானும் பழையபடி பிறர் எழுதியதைச் சோதிக்கப் போகவேண்டியதுதான்.

முந்தின நாள் ஒத்திகையில் சொதப்பியது. 'சேவ்' என்று பெயர் காட்டிய த்ரெட், பிரிண்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

"பேரில்லெங்கில் சாரமில்லா, முருகேசா. தெற்றாய பேரு ஆள்க்காரெ வழி தெற்றிக்கும்" என்றார் பிந்து சேச்சி. பெயரே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தப்பான பெயர் ஆளை அலையவிடும் என்கிறார். நியாயம்தான்.

அன்று சாயங்காலம் அறைக்குப் புளி வாங்குவது என் முறை. ஆரியசாலையில் எங்கள் பக்கத்துக்காரர் நடத்தும் மொத்தக்கடைக்குப் போய், எல்லாரும் கூப்பிடுவதுபோல "சங்கரலிங்கம் அண்ணாச்சி" என்றேன். "சொல்லு தம்பி" என்று திரும்பினார். அவருக்குப் பின்னால் மாலை போட்ட படத்திலும் சங்கரலிங்கம் என்றே எழுதியிருந்தது. நான் விழிக்க, அவர் சிரித்தார்.

"அவரு எங்க மாமனாரு. போயி எத்தனையோ வருஷமாச்சு. எம்பேரு வேலாயுதம். இந்த நாற்காலில யாரு உக்காந்தாலும் இங்கத்த ஆளுகளுக்குச் சங்கரலிங்கந்தான், கேட்டியா."

"நீங்க சொல்லலையா?"

"யாராச்சும் பேரக் கேட்டாத்தானே சொல்லணும்!"

புளியை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன். நான் செய்ததும் அதே காரியம்தான். ஒரு த்ரெட் வேலை முடிந்து போனதும், அதன் எண் புதிதாக வரும் த்ரெட்டுக்குப் போய்விடும். நானோ முதல் தடவை கேட்ட பெயரை எண்ணோடு முடிந்து வைத்துக்கொண்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்தவனையெல்லாம் அதே பெயரால் அழைத்திருக்கிறேன். காலையில் முதல் ஆளாகப் போய் மாற்றினேன்: மென்பொருள் நிற்கும் ஒவ்வொரு தடவையும், ஒவ்வொரு த்ரெட்டிடமும் பெயரைப் புதிதாகக் கேட்கவேண்டும்.

டெமோவுக்கு, பல நாளாக எல்லாரையும் படுத்திய, பாதியில் உறைந்துபோகிற ஒரு மென்பொருளை பிந்து சேச்சி வேண்டுமென்றே எடுத்தார். நிறுத்தினோம். வரிசையாகப் பெயர்கள் வந்தன. 'சேவ்' கோப்பைப் பிடித்துக்கொண்டு 'பிரிண்ட்'டுக்காகக் காத்திருந்தது. 'பிரிண்ட்' அந்தக் கோப்புக்காகவே காத்திருந்தது. பார்த்தவுடனே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. "அடிபொளி, முருகேசா!" என்று பிந்து சேச்சி மேசையைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருமைதான், அதை ஏன் மறைக்கவேண்டும்?

அதே சூட்டில் சாயாக்கடைக்குப் போய், "சேட்டா, எங்க மூணு பேருக்கும் பேரு உண்டு" என்றேன். "பற, கேக்கட்டே" என்றார் பிஜு, சொல்லு கேட்போம் என்று. மற்ற இருவரின் பெயர் எனக்கே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கேயே கேட்டேன். கட்டட வேலைக்காரர் செல்லப்பா, பரோட்டாக்காரர் அந்தோணி. இப்போதெல்லாம் பிஜு எங்களைத் தனித்தனியாகப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

போன வாரம் அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். "என்ன கேரளாக்காரரே, எப்ப வந்தீரு?" என்றார் பூக்கடைக்காரர். என் பெயர் முருகேசன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் யாரோ யாரையோ "அண்ணாச்சீ!" என்று கூப்பிட, நான் திரும்பினேன். சாயா வாங்கக் கை தானாக நீண்டிருந்தது.