வேல்விழி ஜீப் மாற்றிய கதை

கம்பத்திலிருந்து மெட்டு என்கிற மலைச்சாலை ஏறி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோகிற ஜீப்புகளில் பெண் ஓட்டுவது ஒன்றே ஒன்றுதான். அது வேல்விழியின் ஜீப்.

அவள் ஆசைப்பட்டு வந்த தொழில் இல்லை. கணவர் நாகராஜ் பதினெட்டு வருஷம் ஓட்டிய வண்டி அது. தோட்டத்தில் உர மூட்டை இறக்கும்போது அவருக்கு முதுகுத்தண்டில் பிசகு விழுந்தது. இனி ஸ்டியரிங் முன்னால் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியை விற்றுவிடலாம் என்று சொந்தக்காரர்கள் யோசனை சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் வேல்விழி கணவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு சுருளிப்பட்டி ரோட்டில் ஓட்டிப் பழகினாள். லைசென்ஸ் எடுத்து, பேட்ஜும் வாங்கினாள். ஆறு வருஷமாக விடிந்தும் விடியாததுமாக பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுகிறாள். சாயங்காலம் அதே பன்னிரண்டு பேரோடு இறங்குகிறாள். பதின்மூன்றாவது ஆளை ஏற்றுவதில்லை. அதற்காக மற்ற டிரைவர்கள் அவளைக் கேலி செய்வதும் உண்டு.

அந்த ஜீப் ஒருநாள்கூட அவளை நடுவழியில் நிறுத்தியதில்லை. மழையோ பனியோ, சாவியைத் திருகினால் இரண்டாவது உறுமலில் பிடித்துக்கொள்ளும்.

இந்த ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை, பின்பக்கம் ஏதோ கிறீச்சென்று சத்தம் வருகிறது என்று மெக்கானிக் தங்கபாண்டியிடம் விட்டாள். அவர் அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நிறுத்தி அவளைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இங்கன வெரல வச்சுப் பாரு."

வேல்விழி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் நகர்ந்து போய், அவர் டார்ச் அடித்த இடத்தில் விரலை வைத்தாள். வண்டியின் அடிச்சட்டமான சேஸில், ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடத்துக்குச் சற்று மேலே, நகம் உள்ளே போகிற அளவுக்கு ஒரு விரிசல். துரு உதிர்ந்து அவள் முகத்தில் விழுந்தது.

வெல்டிங் வைத்துத் தருவதாகத் தங்கபாண்டி சொன்னார். தோப்புக்குள் எரு ஏற்ற, காய் இறக்க அது போதும். ஆள் ஏற்றிக்கொண்டு மெட்டு ஏற மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டாள்.

"நாளைக்கே விட்டுப் போகலாம். நாலு வருசமும் ஓடலாம். அத எந்த மெக்கானிக்கும் ஒனக்குச் சொல்ல முடியாது" என்றார்.

நாகராஜுக்கு அது பிடிக்கவில்லை. இருபத்து நாலு வருஷத்தில் ஒரு தடவையாவது நடுவழியில் நின்றிருக்கிறதா என்று கேட்டார். வெல்டு வைத்து ஓட்டு, தை மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். விரலை வைத்துப் பார்ப்பதற்கு முன்னால் என்றால் வேல்விழியும் அதைத்தான் சொல்லியிருப்பாள். இப்போது கண்ணை மூடினால் அந்த விரிசல்தான் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை அவள் வண்டி எடுக்கவில்லை. அன்றைக்கே வேறொரு பயம் வந்து சேர்ந்தது. அவளுடைய பன்னிரண்டு பேரும் கூலியை விட முடியாமல் வேறு ஜீப்புகளில் பிரிந்து ஏறினார்கள். ஏற்கெனவே நிரம்பிய வண்டிகள். ஒருத்தி பின்பக்கப் படியில் நின்றுகொண்டே போய் வந்தாள் என்று சாயங்காலம் தெரிந்தது. இவள் எத்தனை நாள் யோசிக்கிறாளோ அத்தனை நாளும் அவர்கள் அப்படித்தான் தொங்கிக்கொண்டு போக வேண்டும்.

புது வண்டி நினைத்துப் பார்க்கிற காரியம் இல்லை. பழைய வண்டி வாங்கி விற்கும் போடிக்காரர் கிறிஸ்டோபருக்குப் போன் போட்டாள். ஒரு மணி நேரத்தில் படம் வந்தது. பச்சை நிற ஜீப். கேரளா நம்பர். என்ஜின் மாற்றி ஒரு வருஷம்தான் ஆகிறது, மெட்டுக்கு மேலே ஒரு தகரச் செட்டில் நிற்கிறது, திங்கட்கிழமை காலையில் நெடுங்கண்டத்திலிருந்து ஒருத்தர் கையில் பணத்தோடு வருகிறார், அதற்குள் முடிவு சொல்லணும் என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் தங்கபாண்டியோடு பஸ் ஏறிப் போனாள். அவர் அரை மணி நேரம் வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். வெளியே வந்தவர், இடது பக்கம் பெரிய அடி வாங்கியிருக்கிறது, ஆனால் சேஸை நிமிர்த்தி இரும்புப் பட்டா வைத்துப் பற்றவைத்த வேலை சுத்தமான வேலை, இவள் வண்டியைவிடப் பத்து வருஷம் கூட உழைக்கும் என்று காதோடு சொன்னார். கிறிஸ்டோபரிடம் கேட்டதற்கு, தோட்டத்துக்குள் ஒரு சின்ன தட்டல் என்றார். வேல்விழி ஒரு சுற்று ஓட்டினாள். கிளட்ச் மெத்தென்று இருந்தது. பிரேக் மிதித்த இடத்தில் நின்றது. மூன்று நாளில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

பிறகு பேப்பரைப் பார்த்தாள்.

கேரளாவுக்கு மாற்றுவதற்கு முன்னால் அது தேனி வண்டி. பழைய நம்பர் ஒரு தாளில் இருந்தது. அந்த நம்பரை அவள் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருக்கிறாள், போனில், போலீஸுக்கு. இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில், மெட்டு இறக்கத்தில் அவளுக்கு முன்னால் போன ஜீப் வளைவில் விலகிச் சரிந்தது. முதலில் போய் நின்றது அவள் வண்டிதான். தலைகீழாகக் கிடந்த ஜீப்பின் நம்பரைக் கேட்டபோது, பள்ளத்தில் பாதி இறங்கி நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அன்றைக்கு மூன்று பெண்கள் செத்துப் போனார்கள். அதில் ஒருத்தி கஸ்தூரி. வேல்விழியின் ஜீப்பில் ஆறு வருஷமாக முன்சீட்டில் உட்கார்ந்து வருகிற சுருளியம்மாளுக்குக் கூடப்பிறந்த தங்கை.

கிறிஸ்டோபர் முதலில் மழுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, கேஸ் எல்லாம் முடிஞ்சிருச்சு. இன்ஜின் வேற, பாடி வேற, கலரு வேற. நீங்களா சொன்னாத்தான் ஆளுகளுக்குத் தெரியும்."

நாளைக்குச் சாயங்காலம் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு வந்தாள்.

நாகராஜ் படுத்தபடியே விஷயத்தைக் கேட்டார். ஏறுகிறவர்களிடம் சொல்லாதே என்றார். அந்த ரோட்டில்தானே தினமும் போகிறார்கள், அந்த வளைவைத் தாண்டித்தானே வருகிறார்கள், ரோட்டை மாற்ற முடிந்ததா என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது. சொன்னால் ஒருத்தியும் ஏற மாட்டாள். வாங்காவிட்டால் அவர்கள் படியில் நின்று போவார்கள். வாங்கிவிட்டுச் சொல்லாமல் இருந்தால், சுருளியம்மாள் தினமும் காலையில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, தங்கை செத்த வண்டியில் தெரியாமல் உட்கார்ந்து வருவாள்.

இதற்கெல்லாம் அடியில் இன்னொன்றும் கிடந்தது. அதை அவள் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கு மழையில் கஸ்தூரி முதலில் வந்து நின்றது வேல்விழியின் ஜீப்பிடம்தான். அக்காளோடு வருகிறேன், ஓரமாக ஒட்டிக்கொள்கிறேன் என்றாள். பன்னிரண்டு பேர் ஆகிவிட்டார்கள், இடமில்லை, முன்னால் நிற்கிற வண்டியில் ஏறிக்கொள் என்று சொன்னது இவள் வாய்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப்பட்டியில் சுருளியம்மாள் வீட்டுக்குப் போனாள். சுருளியம்மாள் தோட்டத்தில் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் படுதாவை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயசு, மெலிந்த கை, அளந்து பேசுகிறவள். வேல்விழி உட்காரவில்லை. நின்றவாக்கில் எல்லாவற்றையும் சொன்னாள். சேஸ் விரிசலைச் சொன்னாள், பச்சை ஜீப்பைச் சொன்னாள், கடைசியில் அதன் பழைய நம்பரைச் சொன்னாள்.

சுருளியம்மாள் படுதாவின் சுருக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"எங்கன நிக்கிது?"

"மெட்டுல, செட்டுக்குள்ள, மதினி."

"நான் பாக்கணும்."

பதினொரு மணிக்கு இருவரும் மேலே போய் இறங்கினார்கள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சுருளியம்மாள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பின்பக்கம் போய்க் கதவின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏறி, கடைசி ஓரத்தில் உட்கார்ந்தாள். கஸ்தூரி அங்கேதான் உட்கார்ந்திருந்தாள் என்று பிழைத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். கிறிஸ்டோபர் ஏதோ சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டீக்கடைப் பக்கம் நகர்ந்துபோனார்.

கொஞ்ச நேரம் கழித்து சுருளியம்மாள் இறங்கி முன்சீட்டுக்கு வந்தாள்.

"அந்த வளைவு வரைக்கும் எறக்கு" என்றாள்.

வேல்விழி இரண்டாவது கியரில் இறக்கினாள். கண்ணாடியில் வைப்பர் ஒருபக்கம்தான் துடைத்தது. எதிரே பனி ஏறி வந்துகொண்டிருந்தது. முதல் வளைவு தாண்டியது. இரண்டாவதிலும் வண்டி சொன்னபடி கேட்டது. நான்காவது வளைவுக்கு முன்னால் வாழைத்தார் இறக்கிவிட்டுத் திரும்புகிற லாரி ஒன்று பனிக்குள்ளிருந்து விளக்கைப் போட்டுக்கொண்டு நேரே மேலே வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். அந்தப் பக்கம் பாறை, இந்தப் பக்கம் பள்ளம். வேல்விழி ஸ்டியரிங்கைப் பள்ளத்துப் பக்கம் ஒடித்தாள். இடது சக்கரம் தார் ரோட்டைவிட்டு இறங்கி, ஈர மண்ணில் சற்று வழுக்கியது. பிரேக்கை மிதித்தாள். அது வழுக்கிய அந்தக் கணத்தில் சுருளியம்மாளின் கை முன்னாலிருந்த கம்பியை இறுக்கிப் பிடித்ததை ஓரக்கண்ணில் பார்த்தாள். வண்டி நின்றது. ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டுக் காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். லாரி ஒரு முழ இடைவெளியில் உரசுகிறாற்போல் ஏறிப் போனது. ஜீப் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

ரோட்டுக்கு ஏற்றி, மேலும் இரண்டு வளைவு இறக்கி, அன்றைக்கு ஜீப் சரிந்த இடத்தில் புதிதாகக் கட்டிய கைப்பிடிச் சுவர் ஓரமாக நிறுத்தினாள். சுருளியம்மாள் இறங்கிப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். பனியில் ஒன்றும் தெரியவில்லை. வேல்விழி பக்கத்தில் போய் நின்றாள்.

"அன்னைக்கி அவ ஒங்கிட்டத்தான மொதல்ல வந்தா" என்றாள் சுருளியம்மாள், திரும்பாமல்.

"ஆமா மதினி."

"எடமில்லன்னு சொன்ன."

"சொன்னேன்."

"நானும் உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். கொஞ்சம் நகந்து, வா ஆத்தான்னு கூப்புட்டுருக்கலாம். கூப்புடல. ரெண்டு வருசமா அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

வேல்விழி அழுதாள். சுருளியம்மாள் அழவில்லை. தலைத்துண்டால் மழையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ எடமில்லன்னு சொன்னது தப்பில்ல வேலு. பத்தொம்பது பேரு உள்ள இருக்கையில அந்த வண்டி ஓட்டுன ஆளு எடமிருக்குன்னு சொன்னாருல்ல, அதுதான் தப்பு. வண்டி என்ன செய்யும்."

திரும்பி ஏறும்போதுதான் வேல்விழி கேட்டாள், வாங்கட்டுமா என்று. வாங்கு, ஆனால் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வாங்கு, அவரவர் இஷ்டம் என்றாள் சுருளியம்மாள். நீங்கள் ஏறுவீர்களா என்பதற்கு, எனக்கு இன்னும் தெரியவில்லை என்றாள்.

அன்று சாயங்காலமே வேல்விழி பன்னிரண்டு பேரையும் வீட்டுக்கு வரவழைத்துச் சொன்னாள். நாகராஜ் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ஒருத்தி, இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று சண்டைக்கு வந்தாள். மற்றவர்கள் எதுவும் சொல்லவில்லை. அது சம்மதமா இல்லையா என்று தெரியாமலேதான் வேல்விழி கிறிஸ்டோபருக்குப் போன் செய்தாள். நான்கு சக்கரத்தையும் கழற்றி பிரேக் லைனைத் தங்கபாண்டி பார்த்த பிறகுதான் பணம் என்றாள். வேறு வழியில்லாமல் அவரும் ஒத்துக்கொண்டார்.

பேப்பர் மாறிக் கைக்கு வர இருபது நாள் ஆனது. முதல் நாள் காலை ஆறு பேர் வந்தார்கள். சுருளியம்மாள் வரவில்லை. முன்சீட்டைக் காலியாக விட்டு ஓட்டினாள் வேல்விழி. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அப்படித்தான். நான்காம் நாள் சுருளியம்மாள் வந்தாள். யாரையும் பார்க்காமல் பின்பக்கம் போய், கடைசி ஓரத்தில் ஏறி உட்கார்ந்தாள். அந்த இடத்தில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. மற்றவர்களாகவே விட்டுவிட்டார்கள்.

இப்போது ஒன்பது பேர் வருகிறார்கள். மூன்று பேர் வேறு வண்டியிலேயே போகிறார்கள். அவர்களோடு வேல்விழிக்கு மனஸ்தாபம் இல்லை, மெட்டில் டீக்கடையில் பார்த்தால் பேசிக்கொள்கிறார்கள். பழைய ஜீப் சுருளிப்பட்டியில் ஒரு தென்னந்தோப்பில் எரு சுமக்கிறது. விற்ற அன்று நாகராஜ் வாசலுக்கே வரவில்லை.

பச்சை ஜீப் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் இறக்கத்தில் அந்தச் சுவர் வரும்போது வேல்விழிக்கு உள்ளங்கை வேர்க்கிறது. ஒரு கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள், பிறகு மற்றதை. பின்னால் ஒன்பது பேரும் பேச்சை நிறுத்துகிறார்கள். வளைவு தாண்டியதும் யாராவது ஒருத்தி, நாளைக்கு எந்தத் தோட்டத்தில் காய் எடுப்பு என்று கேட்கிறாள்.