எல்லாத்துக்கும் 'இல்லை'

பிள்ளைகளே, நான் எழுதிக் கொடுத்த ஒரு பொய்யைப் பற்றிச் சொல்கிறேன். என் மனைவி இறந்த வருஷம், கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனிக்கு அரசாங்கமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய மனநல ஆய்வுக்காக மாணவர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு கேள்வித்தாள்.

"இன்னாபா யோசிக்கிற? சூப்பர்வைசர் பார்த்தா வேலை பூடும். எல்லாத்துக்கும் இல்லைன்னு போடு" என்றார் பக்கத்து மெஷின் ஏழுமலை.

தூக்கம் கெடுகிறதா? இல்லை. தனிமையாக இருக்கிறதா? இல்லை.

தாளை வாங்கிப் பார்த்த மாணவி சொன்னாள்: "இதுல பேரே கிடையாதுண்ணா, கம்பெனிக்குக் காட்ட மாட்டோம். எல்லாரும் இல்லைன்னு போட்டா, இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் எதுக்குன்னு கேப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. "குடும்மா" என்று திரும்ப வாங்கி, இரண்டையும் அடித்துவிட்டு 'ஆமாம்' என்று எழுதினேன். மனைவி போன பிறகு அதை நான் ஒத்துக்கொண்டது அன்றுதான். அதுவும் ஒரு தாளிடம்.