திரையின் வலது மூலை

எங்கள் அலுவலகத்தில் காலை எட்டரைக்குள் கைப்பேசியை வாசலருகே உள்ள மர அடுக்கில் வைத்துவிட வேண்டும். புக்கிட் பெருவாங்கில் லாரி உதிரிப்பாகம் விநியோகிக்கும் நிறுவனம். மேசைகள் ஒன்பது, அடுக்கில் தட்டுகளும் ஒன்பது, என்னுடையது நான்காவது. விதியை நான் ஒரு நாளும் மீறியதில்லை. கைப்பேசி தட்டில் இருக்கும். அதில் வரும் அறிவிப்புகள் வைஃபை வழியாக என் கணினித் திரையின் வலது மூலையில் தோன்றும். இணைப்பை நானே ஏற்படுத்தினேன். பத்து நிமிட வேலை.

காரணம் அம்மா. சிம்பாங் அம்பாட்டில் தனியாக இருக்கிறார். சென்ற ஆண்டு ஒரு காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்து, நண்பகலில் பக்கத்து வீட்டார் வந்து பார்க்கும்வரை தரையில் கிடந்தார். அதன்பின் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு: ஒன்பதரைக்குள் அம்மாவிடமிருந்து எனக்கு ஒரு காலை வணக்கப் படம். அம்மா மாதா கோவிலின் ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர். ஆனாலும் தோழிகள் யார் எதை அனுப்பினாலும் அப்படியே எனக்குத் தள்ளிவிடுவார். மாதா வந்தாலும் முருகன் வந்தாலும் எனக்குச் செய்தி ஒன்றுதான்: எழுந்து நடமாடுகிறார்.

ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் விநியோக அட்டவணையைப் பெரிய திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். அட்டவணையை மட்டும் பகிராமல் என் திரை முழுவதையும் பகிர்ந்தது என் பிழை. ஒன்பது பதினெட்டுக்கு, பிரேக் உதிரிகளின் பட்டியல்மீது வேலும் மயிலுமாக முருகன் வந்து நின்றார். மேலே ‘அம்மா’ என்று பெயர். சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது.

மேலாளர் பாயா ரும்புட் ஊர்க்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். கூட்டம் முடிந்ததும் என் மேசைக்கு வந்தார்.

“அக்கா, ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் லா. அந்தக் கனெக்‌ஷன கட் பண்ணிடுங்க.”

“போன் ரேக்லதான் இருக்கு, பாஸ். கட் பண்ண மாட்டேன்.”

“மத்தவங்க கேட்டா நான் என்ன சொல்றது?”

“அது எங்கம்மா அட்டெண்டன்ஸ்னு சொல்லுங்க.”

மாலைக்குள் விளக்கக் கடிதம் கேட்டார். இங்கு வருமுன் பதினோரு ஆண்டுகள் செய்தித்தாளில் பிழை திருத்தியவளுக்கு நீட்டி எழுத வராது. மூன்று வரிதான். கைப்பேசி அடுக்கில்தான் இருக்கிறது. இணைப்பைத் துண்டிக்க மாட்டேன். ஒன்பதரைக்குள் படம் வராத நாளில் அனுமதிக்குக் காத்திராமல் கிளம்புவேன். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை.

அந்த வாரம் வியாழக்கிழமையே வலது மூலை காலியாக இருந்தது. ஒன்பதரைக்கு எழுந்துபோய் நான்காவது தட்டிலிருந்து கைப்பேசியை எடுத்து அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. இன்னொரு முறை அழைத்தேன். பதில் இல்லை. மேலாளர் தன் கண்ணாடி அறைக்குள் எழுந்து நின்றார். பையை எடுத்துக்கொண்டு அவர் பார்க்கவே வெளியேறினேன்.

காரில் அரை மணி நேர ஓட்டம். அம்மா வீட்டின் பின்புறம் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தார். கைப்பேசி படுக்கையறையில் சார்ஜில் கிடந்தது.

“வேலைய விட்டுட்டா ஓடி வந்த? மாதா படம் காலையிலேருந்து சுத்திக்கிட்டே நிக்குது. போக மாட்டேங்குது. நான் என்ன பண்ண?”

டேட்டா முடிந்திருந்தது. போட்டுக் கொடுத்தேன். எதற்கு இப்படி மூச்சு வாங்குகிறேன் என்று கேட்டார். வெயில் என்றேன்.

திரும்பியபோது அரை நாள் விடுப்பு கழிக்கப்பட்டதற்கான தாள் என் மேசையில் இருந்தது. கையெழுத்திட்டேன். கைப்பேசியை நான்காவது தட்டில் வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தேன். இணைப்பு தானாகவே சேர்ந்தது. காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்த மாதா மூலையில் வந்து நின்றார். மேலாளர் தாளை எடுக்க வந்து, குனிந்து, திரையைப் பார்த்தார்.

நான் அதை மூடவில்லை.