மஞ்சுளா கேட்ட கேள்வி

லினக்ஸில் ஓடும் சர்வர் கணினிகளைப் பராமரிப்பவர்களுக்காகத் திருத்தணியில் மாதாமாதம் ஒரு கூட்டம் நடத்திவந்தேன். ஐந்து பேரோடு தொடங்கியது, இரண்டே வருடத்தில் கல்யாண மண்டபம் தேவைப்படும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஆர்.கே.பேட்டையில் ஒரு நெசவாளர் சங்கத்தின் சர்வரைக் கவனித்துவந்த மஞ்சுளா, தவறாமல் டவுன் பஸ்ஸில் வந்துவிடுவார்.

அன்று சென்னையிலிருந்து ஒரு நிபுணரை அழைத்திருந்தேன். மேடையில் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். மஞ்சுளா எழுந்தார்.

“சார், தெனமும் சிடியில பேக்கப் எடுத்துகினுதான் இருக்கேன். டிஸ்க் போச்சுன்னா அதெல்லாம் திரும்பி வருமான்னு எப்படிப் பாக்கறது?”

“இதெல்லாம் அரிச்சுவடிங்க. டீ குடிக்கும்போது பேசிக்கலாம்” என்றேன். கூட்டம் சிரித்தது. டீ வேளையில் அவர் என்னை நோக்கி வருவதைப் பார்த்ததும், நிபுணரை அழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அடுத்த மாதமே சங்கத்து சர்வரின் டிஸ்க் பழுதானது. அவர் நகலெடுத்து வைத்திருந்த சிடிகளில் எதுவுமே சரியாகப் பதிவாகியிருக்கவில்லை. உறுப்பினர் பதிவுகள் மொத்தமும் போயின. அவருடைய வேலையும் போனது.

கேள்விப்பட்டு அவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலி எடுத்துப் போட்டார்.

“உங்க மேல தப்பு இல்லைங்க சார். அவ்ளோ பெரிய ஆளு முன்னாடி நான்தான் சின்னக் கேள்வி கேட்டுட்டேன்” என்றார்.

அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

உண்மையில், அதுவரை நானும் ஒரு பேக்கப்பிலிருந்துகூடத் தகவல்களைத் திருப்பி எடுத்துப் பார்த்ததில்லை. அவர் கேட்டதற்கு எனக்கே பதில் தெரியாது. அதை மறைக்கத்தான் அவரைச் சிரிப்புக்கு ஆளாக்கினேன். தன் கேள்விதான் தவறு என்று அவர் இன்னமும் நம்பிக்கொண்டிருப்பார்.