கொக்கிப்புழுவும் என் இதயமும்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஷெட்டில் எனக்கு அச்சு வேலை. களிமண் கரைசலை அச்சில் ஊற்றி, இறுகியதும் பொம்மைகளை எடுத்துப் பலகையில் அடுக்கிச் சூளைப் பக்கம் கொண்டுபோக வேண்டும். போன வருஷக் கோடையில், பலகையோடு பத்தடி நடப்பதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சாயங்காலத்தில் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையாது.

ஸ்கேன் எடுத்தோம். இதயம் பெரிதாகியிருக்கிறது என்றார்கள். என் கணவர் சென்னைக்குப் போய் ஆபரேஷன் செய்வதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். ஷெட்டில் என் இடத்துக்கு வேறு ஆள் பார்த்தார்கள். எனக்கு முப்பத்தாறு வயசுதான். அழக்கூடத் தெம்பில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்துப்போன நகங்களைப் பார்த்தார்.

“கொல்லை வேலை செய்வீங்களா?”

“காலையில மல்லாட்டைக்குக் களை எடுத்துட்டுத்தாங்க ஷெட்டுக்கு வருவேன்.” எங்கள் பக்கம் கொல்லை என்றால் பயிர் வைக்கும் நிலம், மல்லாட்டை என்றால் நிலக்கடலை.

“செருப்பு போட்டுக்கிட்டா?”

“கொல்லையில யாருங்க செருப்பு போடுவாங்க?”

“அந்தப் பக்கம் ஆளுங்க வெளிக்கு ஒதுங்குவாங்களா?”

தலையாட்டினேன். ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, மலம் எடுத்து வரச் சொன்னார். வெட்கமாக இருந்தாலும் மறுநாளே கொண்டுபோனேன்.

“கொக்கிப்புழு இருக்குது,” என்றார் டாக்டர். “மண்ணுலேருந்து கால் தோல் வழியா ஏறி, குடலைக் கடிச்சு ரத்தம் குடிக்குது. இருக்கிற கொஞ்ச ரத்தத்தையே வேகவேகமா சுத்தவிட்டு உங்க இதயம் களைச்சுப் போச்சு. அதான் பெருசாயிருக்குது.”

“அப்போ ஆபரேஷனுங்க?” என்றார் என் கணவர்.

“வேணாம். புழுவுக்கு மாத்திரை. கொஞ்சம் ரத்தம் ஏத்தணும். அப்புறம் இரும்புச்சத்து மாத்திரையை விடாம சாப்பிடணும்.”

வெளியே வந்ததும் என் கணவர் பூட்ஸ் கடையைத் தேடிப் போனார்.

கால் வீக்கம் வடிந்தது. படபடப்பு அடங்கியது. நாலு மாசம் கழித்து மறுபடி ஸ்கேன். டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். “பாருங்க, பழைய அளவுக்கு வந்துடுச்சு. எவ்ளோ நிதானமா அடிக்குது!” என் இதயத்தை நானே பார்த்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஷெட்டுக்குத் திரும்பிய அன்று, “லேசான வேலையா பாரும்மா,” என்றார் முதலாளி. நான் நிறைந்த பலகையைத் தூக்கிக்கொண்டு சூளை வரை நிற்காமல் நடந்தேன். கூட வேலை செய்யும் பெண்கள் கை தட்டினார்கள். அவர்களும் வெறுங்காலோடு கொல்லைக்குப் போகிறவர்கள்தான். அந்த வாரமே எல்லாரையும் கிளப்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

“என்னம்மா, ஆளுக்கொரு டப்பா? கோயில் பிரசாதமா?” என்று கேட்டார் கண்டக்டர். பஸ்ஸே அதிரும்படி சிரித்தோம்.

ஆறு பேருக்குப் புழு இருந்தது. ஒருத்திக்கும் பாதிப்பு இதயம் வரை போகவில்லை. அதற்குள் பிடித்துவிட்டோம்.